வாக்குரிமையும் பெண்விடுதலையும்: இலங்கைப் பெண்கள் இயக்க வரலாறு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலங்கைப் பெண்கள் இயக்கத்தின் வரலாறு பேசப்படும் மேடைகளில் இரண்டு ஆண்டுகள் தவறாது குறிப்பிடப்படுவதுண்டு. ஒன்று, சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்த 1931. மற்றது, உலகின் முதலாவது பெண் பிரதமர் இந்நாட்டில் பதவியேற்ற 1960. பிரான்சியப் பெண்கள் 1944இலும் சுவிற்சர்லாந்துப் பெண்கள் 1971இலுமே தேசிய மட்டத்தில் வாக்குரிமை பெற்றனர் என்பதை நோக்குமிடத்து இப்பெருமிதம் ஆதாரமற்றதன்று. ஆயினும், "இலங்கைப் பெண்" என்ற ஒருமைச் சொல் எந்தப் பெண்ணைச் சுட்டுகின்றது என்ற வினாவை இவ்வரலாறு பெரும்பாலும் எழுப்புவதில்லை. மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறித்த பெண்ணை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், அவ்விரு ஆண்டுகளின் பொருள் பெரிதும் மாறிவிடுகின்றது.

பெண்களின் அரசியல் விழிப்புக்குக் கல்வியே களம் அமைத்தது என்பது பொதுவான கருத்து. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலை முதல், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடக்கிய பெண்கள் கல்லூரி வரை, யாழ்ப்பாணத்திற் பெண்கல்விக்கு நீண்டதொரு மரபு உண்டு. ஆனால் அக்கல்வியின் நோக்கம் யாதாயிருந்தது? ஒரு பக்கம் கிறித்தவ இல்லத்துக்கு ஏற்ற மனைவி, மறுபக்கம் சைவ இல்லத்துக்கு ஏற்ற மனைவி. இவ்விரு இலட்சியங்களும் சமயத்தால் வேறுபட்டனவேயன்றி, இல்லம் என்ற எல்லையால் வேறுபட்டனவல்ல. பெண்களுக்கெனக் கல்லூரி கட்டிய அதே இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்படுவதை எதிர்த்தமை இதனாலேயே வியப்புக்குரியதன்று. அவரது சிந்தனையில் அவ்விரண்டும் முரண்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கல்வி, தானாகவே விடுதலையாகி விடுவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1927ஆம் ஆண்டின் இறுதியில், டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்திருந்த வேளையிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் உருவாயிற்று. வைத்தியர் மேரி இரத்தினம், அக்னஸ் டி சில்வா முதலியோர் இதன் முன்னணியில் நின்றனர். இவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி கற்ற மேற்தட்டு, மத்தியதர வர்க்கத்தினர். சங்கம் கோரியதும் எல்லாப் பெண்களுக்குமான வாக்குரிமையன்று. கல்வி, சொத்து ஆகிய தகைமைகளுக்குட்பட்ட வாக்குரிமையே. ஆயினும், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வழங்கலாமா என ஆணைக்குழுவினர் வினவியபோது, அவர்களும் பெண்களே என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்ததாக அவரே பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். சங்கத்தின் கோரிக்கையிலும் பார்க்க அவரது விடை விரிந்தது. ஒரு வர்க்கத்தின் குரலாகத் தொடங்கிய இயக்கம், தன் எல்லையைத் தாண்டிப் பேசிய தருணம் அது.

ஆணைக்குழு இறுதியில் அவர்கள் கேட்டதிலும் கூடுதலாகவே வழங்கியது. முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு எனப் பரிந்துரைக்கப்பட்டது, பின்னர் ஆண்களைப் போன்று இருபத்தொரு வயதாயிற்று. ஆனால் ஆணைக்குழு காட்டிய நியாயங்களுள் ஒன்று கவனத்துக்குரியது. சிசு மரணம், மகப்பேற்று மருத்துவம், சிறுவர் நலன் ஆகிய விடயங்களிற் பெண்களின் ஒத்துழைப்பு நாட்டுக்குப் பயன்படும் என்பதே அது. பெண், குடிமகள் என்ற வகையிலன்றித் தாய் என்ற வகையிலேயே அரசியலுக்குள் அழைக்கப்பட்டாள். இல்லத்தின் எல்லை அகற்றப்படவில்லை, சற்று விரிக்கப்பட்டது.

பெற்ற உரிமை பயன்பட்ட விதமும் ஒருசீரானதன்று. 1932இல் நேசம் சரவணமுத்து வடகொழும்பிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். யாழ்ப்பாணத்திலோ, வாலிபர் காங்கிரஸ் முன்னின்று நடத்திய பகிஷ்கரிப்பினால் 1931இல் தேர்தலே நடைபெறவில்லை. வடபகுதியின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. பூரண சுயராச்சியம் என்ற இலட்சியம் உயர்ந்ததே. எனினும், முதன்முதலாக வாக்குப் பெற்ற பெண்கள் அதனைப் பயன்படுத்த மூன்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தமை அவ்விலட்சியத்தின் கணக்கில் ஓர் இழப்பாகவேனும் பதியப்பட்டதா என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.

இதே காலகட்டத்தில் மலையகத்தில் வேறொரு குரல் ஒலித்தது. கோ. நடேசய்யரின் துணைவியாரான மீனாட்சி அம்மையார் தோட்டத் தொழிலாளரிடையே சென்று, அவர்களின் துயரைப் பாட்டாக்கிப் பாடி விழிப்பூட்டினார். கொழும்புச் சங்கம் ஆணைக்குழுவின் முன் ஆங்கிலத்திற் பேசியது, மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் முன் அவர்கள் மொழியிற் பேசினார். பெண்கள் இயக்க வரலாற்று நூல்களில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்கு நெடுங்காலம் கிடைக்காமை தற்செயலானதன்று.

இவ்வரலாற்றின் உண்மையான சோதனை 1948இல் வந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. இது இனம், வர்க்கம் சார்ந்த அநீதி எனச் சரியாகவே விமர்சிக்கப்பட்டு வந்துள்ளது. ஆனால் அச்சட்டத்தின் உள்ளமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. வம்சாவழிப் பிரஜாவுரிமை தந்தை, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பிடத்தைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. தாய் எங்கு பிறந்தாள் என்பது கணக்கிலெடுக்கப்படவில்லை. தோட்டத் தொழிலாளியை நாடற்றவராக்கிய அதே சட்டம், பிறநாட்டவரை மணந்த எந்த இலங்கைப் பெண்ணும் தன் பிள்ளைக்குக் குடியுரிமையை வழங்கவியலாதவளாக்கிற்று. இக்குறை 2003இலேயே திருத்தப்பட்டது. லயத்துப் பெண்ணின் பிரச்சினையும் கொழும்புப் பெண்ணின் பிரச்சினையும் ஒரே சட்டத்திற் சந்தித்தன. இடதுசாரிகளும் இலங்கை இந்தியன் காங்கிரசும் அச்சட்டத்தை எதிர்த்தன. ஆனால் 1927இற் பெண்கள் என்ற பெயரால் ஒன்றுதிரண்ட உணர்வுக்கு நிகரானதொன்றை 1948இற் காண முடியவில்லை. "அவர்களும் பெண்களே" என்ற விடை இருபது ஆண்டுகளுள் மறக்கப்பட்டு விட்டது.

1960இன் பெருமிதமும் இப்பின்னணியிலேயே மதிப்பிடப்பட வேண்டும். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் இணங்கிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 1974இன் இப்பகிர்வைச் செய்த அரசுகள் இரண்டுக்கும் அன்று பெண்களே தலைமை தாங்கினர். ஆட்சிபீடத்திற் பெண் அமர்வது வேறு, ஆட்சி பெண்ணைக் குடிமகளாக நோக்குவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை. பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து, ஆணுக்குச் சமமாக வெயிலிலும் மழையிலும் உழைத்த பெண்ணுக்குச் சமசம்பளம் 1984இலேயே கிட்டியது. அதுவும் தொழிற்சங்கப் போராட்டத்தின் பேறாகும்.

இவற்றைக் கொண்டு, வாக்குரிமை வெறும் பூர்ஷ்வாச் சலுகை, அதனாற் பெண்ணுக்கு விளைந்தது யாதுமில்லை என முடிவு கூறுவோரும் உளர். அம்முடிவு தவறானது. வாக்கின் பெறுமதியை அறிய அதைப் பெற்றவரைப் பார்ப்பதிலும் இழந்தவரைப் பார்ப்பதே பொருத்தமானது. வாக்கை இழந்த மலையகப் பெண் இரு அரசுகளின் ஒப்பந்தங்களில் ஓர் எண்ணாக மாத்திரமே இடம்பெற்றாள். வாக்கு விடுதலையன்று, ஆயினும் வாக்கின்றி விடுதலையைப் பேசுவதற்கான இடமே இல்லாது போகும்.

நாடற்றோர் பிரச்சினைக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் தீர்வு கண்டன. 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலேயே மலையகத் தமிழ்ப் பெண்கள் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பாராளுமன்றம் புகுந்தனர். 1931க்கும் இதற்குமிடையே கழிந்தவை தொண்ணூற்று மூன்று ஆண்டுகள். இலங்கைப் பெண்கள் இயக்கத்தின் வரலாறு வெற்றிகளின் அட்டவணையாக எழுதப்படும்வரை இந்தத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் அதில் இடம்பெறமாட்டா. யார் முதலில் உரிமை பெற்றார் என்பதோடு, யார் இறுதியாகப் பெற்றார், ஏன் அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது என்பவற்றையும் வினவும் வரலாறே பெண்விடுதலைக்கு உதவும் வரலாறாக அமையும்.