குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலும் மலைப் புல்வெளி மீட்பும்

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் ஆய்வுகள் பலவற்றில், தாவரப் பெயர்களைத் தொகுத்தலே ஆய்வின் முடிவாக அமைந்துவிடுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இப்போக்கிற்குத் தக்க சான்றாகும். அந்நூல் அடுக்கிக் கூறும் 99 மலர்களை மலைநிலப் பல்லுயிர் வளத்தின் ஆவணமாகவும், அழிந்த காட்டை மீட்பதற்குரிய நடவுப் பட்டியலாகவும் கொள்ளும் வாசிப்பு மறுபரிசீலனைக்கு உரியது.

அப்பட்டியலில் தாழை, ஞாழல் முதலிய கடற்கரை நில மலர்களும், தாமரை, ஆம்பல் முதலிய நீர்நிலை மலர்களும் இடம்பெறுகின்றன. தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த மலர்களின் மிகுதியைக் காட்டுவதே கவிஞரின் நோக்கம். மலையின் தாவரங்களைக் கணக்கெடுப்பதன்று. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வரின் வந்த நிலத்திற்கு உரியனவாகக் கொள்ளலாம் எனத் தொல்காப்பிய அகத்திணையியலும் இடமளிக்கிறது. ஆகவே, திணை பெயர்களின் எண்ணிக்கையால் அமைவதன்று. முதல், கரு, உரி ஆகியவற்றின் இயைபால் அமைவது.

இவ்வேறுபாடு களத்தில் முதன்மை பெறுகிறது. நீலகிரி, பழனி மலைகளின் உயர்பகுதிகளில் பள்ளங்களிலும் மடிப்புகளிலும் சோலைக்காடும், திறந்த சரிவுகளில் புல்வெளியும் இணைந்து ஒரே சூழல் தொகுதியாக விளங்குகின்றன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, அடர்ந்த சோலையின் நிழலில் அன்றி, அப்புல்வெளிச் சரிவுகளிலேயே செழித்து வளரும் புதர்ச்செடி. ஆங்கிலேயர் காலம் முதல் இப்புல்வெளிகள் பயனற்ற வெற்று நிலமாகக் கருதப்பட்டு, அவற்றில் தைலமரம், சீகை, பைன் ஆகியன நடப்பட்டன. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான காலத்தில் மட்டும், மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் உயர்மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது. சங்க நூல்கள் வருடை எனக் குறிப்பிடும் விலங்காகக் கருதப்படும் வரையாடு மேய்வதும் இப்புல்வெளியிலேயே. இங்கு மீட்பு என்பது பல இடங்களில் அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீண்டும் வளர்த்தலே. எஞ்சிய புல்வெளியில் நாட்டு மரங்களை நட்டாலும் அது அழிவேயாகும்.

மலர்ப்பெயர்த் தொகுப்பு சொல்லாய்விற்கும் தாவர அடையாளங்காணலுக்கும் பயன்படும் என்பதில் ஐயமில்லை. எனினும், அதனையே நடவுப் பட்டியலாக்கும் திறனாய்வு, மரம் நடுதலே மீட்பு என்னும் தவறான கொள்கைக்குச் சங்கச் சான்றை வழங்கிவிடுகிறது. அக்கொள்கையால் முதலில் இடமிழப்பது குறிஞ்சிச்செடியே. எனவே, இனிவரும் திணை ஆய்வுகள் ஒரு பாடலில் எத்தனை தாவரங்கள் உள்ளன என்பதோடு, அவை எந்நிலக்கூற்றில், எவ்வுயிர்களோடு இயைத்துக் கூறப்படுகின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.