"தம்பி, ஜனங்க மூச்சு விட வேண்டாமா?"

சபையில் ஆர்கன் வாசிக்கிறவனுக்கு ஒரு விசித்திரமான தலையெழுத்து. ஒழுங்காக வாசித்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு கட்டை தவறினால் மொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும். இன்னொரு ஆர்கனிஸ்ட் வாசிப்பதைக் கேட்கவும் நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை அதே நேரத்தில் அவரவர் சபையில் உட்கார்ந்திருக்கிறோமே, எப்படிக் கேட்பது? இப்படித் தனித்தனித் தீவாகக் கிடக்கிறவர்களை ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று நீலகிரி மாவட்டத்து நாடுகாணியில் பார்த்தேன். அடடா, என்ன நாள் அது!

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில்தான் பிரிகிறது. ஒன்று சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் போகும். மற்றது தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று தோட்டங்களுக்குள் போகும். அன்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். சேரம்பாடிப் பக்கத்துத் தோட்ட லயத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அக்கா ஒருவர், மலையாளச் சபையில் வாசிக்கும் கல்லூரிப் பெண், ஊட்டியிலிருந்து கோட்டும் குல்லாவுமாக இறங்கிய அண்ணன், அப்புறம் எங்கள் எல்லோருக்கும் மூத்த தாத்தா. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். இன்றைக்கும் "பிளேன் டீ" என்றுதான் கேட்கிறார். பக்கத்திலிருந்த பெண் அதையே "கட்டன் சாயா" என்று கேட்டது. வந்தது என்னவோ ஒரே கெட்டிலிலிருந்துதான்.

வாத்தியம் என்று பார்த்தால் இரண்டு கீபோர்டு, காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று. அவ்வளவுதான். குழாய் ஆர்கன் எல்லாம் சென்னைப் பெரிய கோவில்களின் சமாச்சாரம். எங்களுக்கு அது வேண்டியும் இருக்கவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, எல்லோருக்கும் "மிஸ்". வந்தவுடன் கைப்பையிலிருந்து மருந்துக்கடைப் பிளாஸ்டரை எடுத்தார். இரண்டு கீபோர்டிலும் ரிதம் பட்டன் மேல் ஒரு துண்டு, டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் ஒரு துண்டு. ஒட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார். இளவட்டங்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எல்லாப் பாட்டையும் சி ஸ்கேலில் வாசித்துவிட்டுப் பட்டனை அமுக்கி ஏற்றி இறக்குகிற தலைமுறை ஆயிற்றே. மதியத்துக்குள் அதே பிள்ளைகள் டி மேஜரில் தடவித் தடவியாவது நாலு பார்ட்டும் வாசித்தார்கள். காலை ஆராதனையில் தொண்டை திறக்காத ஜனங்களுக்கு ஈ-பிளாட் எட்டாது, அரை சுருதி இறக்கினால் சபையே பாடும் என்பதையும் அப்போதுதான் காதால் உணர்ந்தோம்.

முதல் பயிற்சிக்கு ஒரே ஒரு ராகம்: டாக்ஸாலஜிக்கு வாசிக்கிற 'ஓல்டு ஹண்ட்ரட்த்'. 1551இல் ஜெனீவாவின் சங்கீதப் புத்தகத்தில் அச்சானது. வரிக்கு எட்டு அசை, நாலே வரி. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சபையாகப் பாட வேண்டும் என்றார் மிஸ். அங்கேதான் விஷயமே! ஒருவர் வாசித்தால் மூன்றாம் வரியில் எங்களுக்கு மூச்சு முட்டியது. இன்னொருவர் முன்னிசையை ஒரு வேகத்தில் வாசித்து, பாட்டை வேறு வேகத்தில் எடுத்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். ஊட்டி அண்ணன் வரிக்கு வரி இடைவெளியே இல்லாமல் ஒட்டி வாசித்தபோது மிஸ் எழுந்துபோய் அவர் மணிக்கட்டை மெல்லத் தூக்கினார்: "கையை எடுங்க தம்பி, ஜனங்க மூச்சு விட வேண்டாமா?"

அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் வரி முடிவில் அரைத்தட்டு கையை எடுத்தார், நாங்கள் மூச்சு இழுத்தோம், அடுத்த வரி கூரையைத் தூக்கியது. மழைச் சத்தத்தையும் மீறி! தமிழ்நாட்டில் அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று பக்கத்துத் தேவாலா என்பதைச் சொன்னால் அந்தச் சத்தம் எப்படிப்பட்டது என்று புரியும்.

கையை எடுப்பது ஒரு வித்தை என்றால், எடுக்காமலிருப்பது இன்னொன்று. பியானோவில் பெடலை மிதித்தால் நாதம் நீடிக்கும். ஆர்கனில் விரலை எடுத்த நொடியே ஒலி செத்துவிடும். அதனால் கட்டையை அமுக்கியபடியே, சத்தம் அறுபடாமல், மோதிர விரலுக்குப் பதில் சுண்டுவிரலை நுழைக்க வேண்டும். பெஞ்சு விளிம்பில் எல்லோரும் இதைப் பழகிக்கொண்டிருந்ததை வெளியிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

மதியம் கப்பையும் மீன்குழம்பும். சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிவோம் என்று தெரிந்தே மிஸ் ஜெர்மன் இசைமேதை பாஹின் கதையை எடுத்தார். 1705இல் புக்ஸ்டெஹூடெ என்ற மூத்த ஆர்கனிஸ்டின் வாசிப்பைக் கேட்க பாஹ் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக் வரை 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நாலு வாரம் லீவு வாங்கியவர் திரும்பி வர ஏறக்குறைய நாலு மாதம். வந்ததும் சபைக் கமிட்டி பிடித்துக்கொண்டது. லீவுக்கு ஒரு திட்டு. பாட்டுக்கு நடுவே விநோதமான சுரங்களைப் போட்டு ஜனங்களைக் குழப்புகிறார் என்று இன்னொரு திட்டு. சேரம்பாடி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "பாஹுக்கே இந்தக் கதின்னா நமக்கென்ன மிஸ்!"

என்னைக் கேட்டால் அன்றைய நாளின் உச்சம் கீர்த்தனை வகுப்புதான். பாமாலைக்கு வாசிப்பதுபோலவே கீர்த்தனைக்கும் கார்டு போட்டு அமுக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து ராகமும் தாளமும் குறித்துப் பாடிவரும் மரபு. அதன் உயிரே கமகம். கட்டை வாத்தியத்தில் கமகம் வராது. அந்தக் காரணத்தையும் சொல்லித்தானே 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்து 1971 வரை உள்ளே விடாமலிருந்தது? மிஸ் சொன்ன வழி எளிது. இடக்கையில் ச-ப மட்டும் பிடியுங்கள். வலக்கையில் பாட்டின் எலும்பை மட்டும் வாசியுங்கள். வளைவும் நெளிவும் குரலுக்கு.

தாத்தா கால் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். ஆனந்த பைரவி. ஒரு கட்டை மட்டும் ஊமையாக நின்றது. பலகையைக் கழற்றி செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், பித்தளை ரீடு மேல் குளவி கட்டிய மண்கூடு! தாத்தா அதைச் சுரண்டி எடுத்து, ரீடுக்கடியில் மெல்லிய தாளை ஒருமுறை ஓட்டி, ஊதிவிட்டு, மறுபடி மிதித்தார். மலையாளச் சபைப் பெண் பாடியது. அந்தக் குரல் போன இடமெல்லாம் வழிவிட்டு வாசித்தாரே, அதைக் காசு கொடுத்துக் கேட்கலாம். இத்தனைக்கும் அவருக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. இலங்கையில் பழகிய டானிக் சால்ஃபாதான்.

1912 முதல் தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் தன் கைக்காசைப் போட்டு வித்வான்களைக் கூட்டி இசை மாநாடு நடத்தினார். அத்தனை பெரிதாக வேண்டாம். ஒரு கூடம், இரண்டு கீபோர்டு, விவரம் தெரிந்த ஒருவர், மதியச் சாப்பாடு போதும். கமிட்டியில் இருக்கும் பெரியவர்களே, புது ஸ்பீக்கருக்கு வசூல் எடுக்கும்போது அதில் கொஞ்சம் ஒதுக்கி உங்கள் ஆர்கனிஸ்டை இப்படி ஒரு நாளுக்கு அனுப்பிவையுங்கள். பஸ் காசு மட்டும் கொடுத்தால்கூடப் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.