போர்ப்பூவும் தோலங்கியும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் பழமொழி. திரைப்படத்தை நோக்குமிடத்து இக்கணக்குச் சில வேளைகளில் பிசகிவிடுகிறது. ஆடை முக்கால் பங்கைப் பிடித்துக்கொள்ள, ஆள் கால் பங்காய்ச் சுருங்கிவிடுகிறான். அவ்வாறு நடிகரை விழுங்கும் ஆடைகளுள் ஒன்று, 'லெதர் ஜாக்கெட்' என்று இளைஞர் வழங்கும் தோலங்கி; அதிலும் சிறப்பாக, பழைய போர்விமானிகள் அணிந்த தோலங்கி. இவ்வாடை திரையில் எப்போது பொருள் பெறுகிறது, எப்போது வெறும் மினுக்காய்ப் போகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆடை பற்றிய ஆராய்ச்சி அற்பமன்றோ எனச் சிலர் கேட்கலாம். போர்க்கோலம் பற்றிய பேச்சு தமிழில் ஒருநாளும் அற்பமாய் இருந்ததில்லை.

பூவே சான்று

தொல்காப்பியர் புறத்திணைகளுக்குப் பூக்களின் பெயர்களை வைத்தார். வெட்சி சூடியவன் ஆநிரை கவரப் புறப்பட்டவன். வஞ்சி சூடியவன் பகைவர் நாட்டின்மேற் செல்பவன். தும்பை சூடியவன் நேர்நின்று பொருபவன். வாகை சூடியவன் வென்றவன். பூ அழகுக்காகச் சூடப்பட்டதன்று. செய்யப்போகும் செயலுக்கோ, செய்து முடித்த செயலுக்கோ அது சான்றாய் நின்றது. தும்பையைச் சூடிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவனைச் சான்றோர் வீரன் என்று கொள்ளார். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு தோலங்கியை நோக்குவோம்.

குளிருக்குப் பிறந்த ஆடை

அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931ஆம் ஆண்டில் 'ஏ-2' எனப்படும் அங்கியைத் தன் விமானிகளுக்கென ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் குதிரைத்தோலால் தைத்து, முன்புறம் 'ஜிப்' வைத்தது அது. அதன் தேவை எளிதில் விளங்கும். மேலே ஏறும் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைகிறது. தரையில் 15 பாகையென்றால், 8,000 மீட்டர் உயரத்தில் உறைநிலைக்குக் கீழே 37 பாகையாகிவிடும். அக்காலப் போர்விமானங்களில் பலவற்றுக்குள் வெப்பமூட்டும் வசதி போதாது. பிரிட்டிஷ் விமானப்படை ஆட்டுத்தோலைக் கம்பளி மயிரோடு அணிந்ததும் இக்காரணம் பற்றியே.

இந்த அங்கிகள் நாளடைவில் எழுத்தோலைகளாயின. மார்பில் படைப்பிரிவின் சின்னம், தோளில் பதவிக்குறி, முதுகில் விமானத்தின் பெயர், அதன் கீழே, சென்று மீண்ட ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டின் படம். 1941, 1942 ஆண்டுகளில் பர்மாவிலும் சீனாவிலும் ஜப்பானியரை எதிர்த்துப் பறந்த அமெரிக்கத் தொண்டர் படையினர், சீனக் கொடியும் சீன எழுத்தும் பொறித்த பட்டுத் துண்டை முதுகில் தைத்துக்கொண்டனர். போரில் துணைசெய்ய வந்த இவ்வந்நியரைக் காப்பாற்றுங்கள் என்று மக்களை வேண்டுவது அவ்வெழுத்தின் கருத்து. விழுந்தால் உயிர் பிழைப்பதற்கான விண்ணப்பத்தை முதுகில் சுமந்தவர்கள் அவர்கள். பண்டைய பூவைப் போலவே, அங்கியும் செயலின் சான்றாய் நின்ற காலம் அது.

ஆங்கிலப் படங்கள் இரண்டு

1963இல் வெளிவந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்குயின் 'ஏ-2' அங்கியோடு ஜெர்மானியரின் கைதி முகாமில் அடைபட்ட அமெரிக்க விமானியாக வருகிறார். அவர் தப்ப முயல்கிறார், பிடிபடுகிறார், தனிக்கொட்டடியில் அடைக்கப்படுகிறார், மீண்டும் முயல்கிறார். மண்ணும் புழுதியும் அந்த அங்கியில் ஏறுகின்றன. இப்படம் வரலாற்றோடு முழுவதும் பொருந்துவதன்று. 1944 மார்ச்சில் சுரங்கவழி தப்பியவர் 76 பேர். அமெரிக்க விமானிகள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வேறு பகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டனர். ஆயினும் பிடிபட்டபின் கொல்லப்பட்ட 50 பேரையும் படம் மறக்கவில்லை. அவர்களுக்கே அது காணிக்கையாக்கப்பட்டது. அங்கியின் விலை என்ன என்பதைப் படம் அறிந்திருக்கிறது.

1986இல் வந்த 'டாப் கன்' வேறு வகை. டாம் குரூஸ் அணிந்த கடற்படை விமானி அங்கியில் வண்ணச் சின்னங்கள் நெருங்கிக் கிடந்தன. ஒளிப்பதிவு அந்த அங்கியையும் கண்ணாடியையும் காதலித்த அளவுக்குப் போரின் இழப்பைக் கருதவில்லை. இதன் தொடர்ச்சிக்கு 2019இல் வெளியிட்ட முன்னோட்டத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்கியின் முதுகிலிருந்த ஜப்பான், தைவான் கொடிகள் மாற்றப்பட்டிருந்தன. சந்தையைக் கருதிச் செய்த செயல் என்று பலர் சாடினர். 2022இல் படம் வந்தபோது கொடிகள் மீண்டிருந்தன. துணித்துண்டு இரண்டுக்காக உலகம் வாதிட்டது ஏன்? அங்கி பேசும் பொருள் என்பதை எல்லாரும் உணர்ந்திருந்ததே காரணம்.

தமிழ்த் திரையின் கோலம்

இனி நம் படங்களுக்கு வருவோம். 1963இல் சிவாஜி கணேசன் 'இரத்தத் திலக'த்தில் சீனப்போரில் பொருதும் இராணுவ அதிகாரியாகத் தோன்றினார். 2017இல் மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' கார்கில் போர்க்கால விமானியைக் காட்டியது. கார்த்தி ஏற்ற அப்பாத்திரம் சீருடையில் பொலிவுடையவன், காதலியிடத்தில் கொடுமையுடையவன். சீருடைக்குள் இருக்கும் செருக்கைத் திறந்து காட்டத் துணிந்தது இப்படத்தின் பெருமை. காட்சியமைப்போ அச்செருக்கையே பல இடங்களில் அழகாக்கிவிட்டது. சொல் கண்டிக்கிறது, படம் மயங்குகிறது.

மலேசியத் தமிழராகிய நமக்கு இன்னும் அணுக்கமானது 2007இன் 'பில்லா'. பெரும்பகுதி இந்நாட்டிலேயே எடுக்கப்பட்டது. பத்துமலையும் கோலாலம்பூர் வீதிகளும் அதில் உண்டு. கோட்டும் தோலும் கறுப்புக் கண்ணாடியுமாக மாந்தர் உலவுகின்றனர். பார்வைக்குக் கவர்ச்சி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த மண்ணின் மனிதர் எவரும் அந்த ஆடைகளுக்குப் பின்னால் இல்லை. மலேசியா அங்கே ஓர் ஊரன்று, ஒரு பின்திரை.

பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹுத்தான் மெலிந்தாங். நண்பகலில் 32 பாகை வெயில் இங்கு வழக்கமானது. இங்கே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், காற்றும் மழையும் நெஞ்சில் அடியாதிருக்க மேலங்கியை முன்பின்னாக மாற்றி மாட்டிக்கொண்டு செல்வதைச் சடக்கெங்கும் காணலாம். அழகற்ற கோலம் என்று நகைப்பார் உளர். குளிருக்குத் தோல் போர்த்த விமானியின் அறிவும் இவ்வறிவும் ஓரினமே என்பது நம் கருத்து. உழைப்பு கேட்டபடி ஆடை அமைகிறது. சுவரொட்டி கேட்டபடி அமையும் ஆடைக்கு இப்பெருமை இல்லை.

சாக்கும் காக்கியும்

நம் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டிகளுக்கும் போர்க்கோலம் இருந்ததா? இருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் துணி அருகிப்போயிற்று. தோட்டத்து மக்கள் சாக்கைக் கிழித்து உடுத்தினர். பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாமற் போயினர். வானத்தில் ஒருவன் குதிரைத்தோல் போர்த்துப் பறந்த அதே ஆண்டுகளில், பால்மரத்தடியில் ஒருவன் சாக்கு உடுத்தி நின்றான். போருக்கு முன்னர் உலகின் வண்டிச் சக்கரங்களுக்கும் விமானச் சக்கரங்களுக்கும் ரப்பர் தந்தவர்களுள் அவனும் ஒருவன்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், தோட்டத்து இளைஞர் பலர் காக்கிச் சட்டை அணிந்தனர். கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தனர். லயத்தில் பிறந்த பெண் காற்சட்டை அணிந்து துப்பாக்கி ஏந்தியது, எந்தத் தோலங்கியையும் விடப் பெரிய புரட்சி. அப்படையில் அதிகாரியாய் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் 2014இல் மறைந்தார். ஜப்பானியர் துணையை நாடிய அப்படையின் அரசியலை வரலாற்றாசிரியர் பலவாறு மதிப்பிடுவர். அணிந்தவர் தந்த விலையில் ஐயமில்லை.

இக்கோலத்தைத் தமிழ்த் திரை தொட்டதுண்டு. 1996இல் 'இந்தியன்' படத்தில் கமல்ஹாசனின் சேனாபதி அப்படை வீரனாயிருந்தவன். ஆனால் அங்கே காக்கி, பிற்காலத்தில் அவன் ஊழலைத் தண்டிப்பதற்குத் தகுதி தரும் முன்கதையாகவே பயன்படுகிறது. தோட்டத்துத் தமிழனின் கதை அதில் இல்லை.

2016இல் பா. இரஞ்சித்தின் 'கபாலி' இவ்வகையில் ஒருபடி முன்னேறியது. ரஜினிகாந்த் அதில் அணிவது போராடையன்று, கோட்டு. எனினும் அக்கோட்டு அங்கே போராடை போலவே தொழிற்படுகிறது. தோட்டத் தொழிலாளரின் ஊதியப் போராட்டத்திலிருந்து எழுந்தவன் ஏன் கோட்டு அணிகிறான் என்பதற்குப் படம் காரணம் கூறுகிறது. காந்தியடிகள் மேலாடை துறந்ததையும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததையும் எதிரெதிர் நிறுத்தி, தாழ்த்தப்பட்டவன் நன்றாக உடுத்துவதே ஓர் எதிர்ப்பு என்கிறது. 'பில்லா'வுக்கும் 'கபாலி'க்கும் ஆடை அமைத்தவர் அனு வர்தன் ஒருவரே என்பது இங்கே எண்ணத்தக்கது. கைத்திறன் ஒன்றே; கதையின் நோக்கு வேறு. முன்னதில் ஆடை மின்னிற்று. பின்னதில் ஆடை பேசிற்று. இதனால், குற்றம் தையலில் இல்லை, இயக்குநரின் எண்ணத்தில்தான் என்பது பெறப்படும். 'கபாலி'யும் இறுதியில் துப்பாக்கிச் சண்டைகளுள் அக்கோட்டைத் தொலைத்துவிடுகிறது என்ற குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

முடிவுரை

பழைய போரங்கிகளை உலகெங்கும் சேகரிக்கிறார்கள். அவற்றின் படிகளை நூல் பிசகாமல் தைப்பதில் பெயர்பெற்றவர்களுள் ஜப்பானிய நிறுவனத்தாரும் உளர். நடிகர் அணியட்டும், இளைஞரும் அணியட்டும். அழகை விரும்புவது குற்றமன்று. திறனாய்வாளன் கேட்கவேண்டியது ஒன்றே: இந்தப் பூவைச் சூடியவன் எந்தப் போருக்குப் போனான்?

மலேசியாவுக்குப் படமெடுக்க வரும் தமிழ்நாட்டுக் கலைஞரும், இந்நாட்டிலேயே படமெடுக்கும் நம் இளைஞரும் இக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொண்டால், அயலான் படையின் தோலை இரவல் வாங்க வேண்டியதில்லை. சாக்குடையும் காக்கியுடையும் இன்னும் திரையேறாமல் காத்திருக்கின்றன. அவற்றை அணிந்தவருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை, ஆடை தைக்கும் வேலைக்கு முன்னே நடைபெற வேண்டும்.