விவரணப்படமும் குரலும்: ‘சோங் ஒஃப் சிலோன்’ பற்றிய ஒரு நோக்கு

விவரணப்படம் ஒன்றை மதிப்பிட முற்படுவோர், அது உண்மையைக் காட்டுகின்றதா என்னும் வினாவையே முதலில் எழுப்புவர். அவ்வினா பயனற்றதன்று, ஆயின் அது மட்டும் போதாது. றொபேட் பிளகேர்ட்டி 1922இல் வெளியிட்ட ‘நனூக் ஒஃப் த நோர்த்’ திரைப்படத்திலே, ஒளி போதாமையால் ஒரு பாதி நீக்கப்பட்ட பனிக்குடிலுள் இன்யுயிற் மக்கள் உறங்குவதாகக் காட்டப்பட்டனர். துப்பாக்கி வழக்கிற்கு வந்துவிட்ட காலத்தில், முன்னோர் முறைப்படி ஈட்டியெறிந்து வேட்டையாடுமாறும் அவர்கள் கேட்கப்பட்டனர். நடப்பியலைக் கலைநோக்கோடு கையாளுதலே விவரணப்படம் என்று ஜோன் கிறியேர்சன் பின்னர் வகுத்த இலக்கணமும் இத்தகைய புனைவுக்கு இடமளிப்பதே. எனவே விமர்சகன் மேலும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: திரையில் தோன்றும் மனிதருக்காக அங்கே பேசுபவர் யார்?

இவ்வினாவுக்கு உரைகல்லாக அமையத்தக்கது, பசில் றைற் நெறிப்படுத்தி 1934இல் உருவான ‘சோங் ஒஃப் சிலோன்’. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில், கிறியேர்சனின் தயாரிப்பில் எழுந்த இப்படம் ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடுவது. புத்தர், கன்னித்தீவு, வணிகத்தின் குரல்கள், கடவுளின் ஆடை என்னும் பொருள்படத் தலைப்பிடப்பட்ட நான்கு பகுதிகளைக் கொண்டது. 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் இது முதற்பரிசு பெற்றது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை, கொழும்பைச் சேர்ந்த கலைஞர் லயனல் வென்ற் பின்னணியில் வாசிக்கின்றார். இருபதாம் நூற்றாண்டின் காட்சிகளுக்குப் பதினேழாம் நூற்றாண்டின் உரை துணைநிற்கின்றது.

இப்படத்தின் தலையாய சாதனை மூன்றாம் பகுதியிலேயே உளது. தேங்காய் பறிப்போரையும் கொழுந்து கொய்வோரையும் திரை காட்டுகையில், சந்தை விலைகளையும் கப்பல்கள் வந்து செல்லும் நேரங்களையும் அறிவிக்கும் ஆங்கிலக் குரல்கள் ஒன்றன்மேலொன்றாக ஒலிக்கின்றன. ஒலி காட்சியை விளக்கவில்லை. அதனோடு முரணி நிற்கின்றது. கையுழைப்புக்கும் தொலைதூர வணிகத்துக்கும் இடையிலான உறவு, ஒரு சொல் விளக்கமுமின்றி நமக்குப் புலனாகின்றது. தேயிலை வணிகத்தின் பொருட்டு எடுக்கப்பட்ட படமே அவ்வணிகத்தின் முகத்தை இவ்வாறு காட்டிவிடுதல் வியப்புக்குரியது.

ஆயினும் அம்முரணிலேயே ஒரு குறையும் அடங்கியுள்ளது. கொழுந்தின் விலை கேட்கின்றது. கொய்பவளின் பேச்சுக் கேட்பதில்லை. அக்காலத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். அவர்கள் எவ்வாறு இம்மலைகளுக்கு வந்தனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்பன படத்தின் அக்கறைக்குள் வரவில்லை. நொக்ஸின் காலத்தில் இம்மலைகளிலே தேயிலையும் இல்லை, தோட்டமும் இல்லை. எனவே அவர் உரையைச் சட்டகமாகக் கொண்ட ஒரு படத்தில் அத்தொழிலாளர் வரலாறற்ற உருவங்களாகவே நின்றுவிடுகின்றனர்.

அக்கால ஒலிப்பதிவுக் கருவிகள் பாரமானவை. தோட்டத்திற் பேச்சைப் பதிவுசெய்தல் இயலாது. ஆதலின் இது கலைஞரின் குற்றமன்று எனச் சிலர் கூறலாம். ஓரளவுக்கு இது பொருத்தமே. ஆனால் இப்படத்தின் ஒலிப்பகுதி முழுவதும் இங்கிலாந்தின் கலையகத்தில் பின்னரே தொகுக்கப்பட்டது. எக்குரலைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்பது அங்கே கருவி சார்ந்ததன்று, தெரிவு சார்ந்தது. அதே இயக்கத்தைச் சேர்ந்த எட்கார் அன்ஸ்ரியும் ஆதர் எல்ற்றனும் அடுத்த ஆண்டிலேயே ‘ஹவுசிங் புரொப்ளம்ஸ்’ படத்துக்காக ஒலிக்கருவியை இலண்டன் சேரிகளுக்கு எடுத்துச் சென்றனர். எலியும் மூட்டைப்பூச்சியும் மலிந்த தம் வீடுகளைப் பற்றி ஏழை மக்கள் தாமே கமெராவை நோக்கிப் பேசினர்.

பேச வாய்ப்பளித்தல் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. அப்படத்துக்குப் பணமளித்தோர் எரிவாயு நிறுவனத்தினர். துன்பத்தைச் சொல்லும் உரிமை சேரிவாசிக்குக் கிடைத்தது. தீர்வைச் சொல்லும் உரிமை பிறரிடமே இருந்தது. 1960இல், இலகுவான கருவிகளின் வருகையோடு, றொபேட் ட்றூ குழுவினர் ‘பிரைமரி’யில் விவரணையைப் பெரிதும் குறைத்து, நிகழ்வுகளின் பின்னே கமெராவை நடமாடவிட்டனர். விவரணையாளன் ஒதுங்கினான், ஆயினும் படத்தொகுப்பாளன் ஒதுங்கவில்லை. 1961இல் வெளியான ‘ஒரு கோடையின் குறிப்பேடு’ என்னும் பிரெஞ்சுப் படத்தில் ஷான் றூஷும் எட்கார் மொறானும், தாம் படமாக்கிய மனிதருக்கே அப்படத்தைத் திரையிட்டு, அவர்களுடைய உடன்பாட்டையும் மறுப்பையும் படத்தின் பகுதியாக்கினர். தம்மைப் பற்றிய சித்திரத்தை மறுத்துரைக்கும் உரிமை அங்கே தோன்றுகின்றது.

விவரணப்பட உத்திகள் கருவிகளோடு சேர்ந்து வளர்ந்தவை என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் உத்தியும் யாருக்குச் சொல், யாருக்கு மௌனம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கின்றது. ‘சோங் ஒஃப் சிலோன்’ தரும் அழகை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதன் ஒலிநயத்தை இன்றும் மாணவர் கற்றல் தகும். அவ்வாறு கற்கும்போது, அக்குரல்களின் நடுவே வாய்திறவாது கொழுந்து கொய்யும் அப்பெண்ணையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவளுடைய மௌனமும் அப்படத்தின் உத்திகளுள் ஒன்றே.