மாயா படித்ததை யார் சொல்கிறார்?

‘தாரே ஸமீன் பர்’ படத்தில் எல்லோரும் அழுத காட்சிகள் பல உண்டு. நான் பேசப்போவது அவற்றில் ஒன்றைப் பற்றி அல்ல. பஞ்ச்கனி விடுதிப் பள்ளிக்கு இஷானின் அப்பா வருகிறார். ஓவிய ஆசிரியர் நிகும்பைச் சந்தித்து, தன் மனைவி இணையத்தில் டிஸ்லெக்ஸியா பற்றி நிறையப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்கிறார். இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்கிறார். பிள்ளைமீது அக்கறை இல்லாதவர்கள் என்று எங்களை நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்கிறார் அப்பா. அக்கறை என்றால் என்னவென்று ஆசிரியர் அவருக்கு விளக்குகிறார். அப்பா கலங்கிப்போய்த் திரும்புகிறார்.

படித்தவள் மாயா. அவள் அந்தக் காட்சியிலேயே இல்லை. அவள் என்ன படித்தாள், படித்தபோது என்ன தோன்றியது, எந்த வரியில் நிறுத்தி அழுதாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அவளுடைய வாசிப்பு இரண்டு ஆண்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் கணக்கில் ஒரு சாட்சியமாக மட்டும் வந்துபோகிறது.

2007இல் படம் வந்தபோது நான் கல்லூரி மாணவி. இதெல்லாம் கண்ணில் படவில்லை, அழுதேன். பல வருடம் கழித்து, என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது மறுபடி பார்த்தேன். அப்போது மடியில் ஒரு ஃபைல் இருந்தது. கண் மருத்துவரின் சீட்டு, காது பரிசோதனைத் தாள், பள்ளியில் கொடுத்த குறிப்பு, அவளுடைய பழைய நோட்டுகள்.

அந்த ஃபைலோடு பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. இந்தப் படத்தில் பரிசோதனை என்ற ஒன்றே கிடையாது. நிகும்ப் நோட்டுகளைப் புரட்டுகிறார், தவறுகளில் ஒரு ஒழுங்கு இருப்பதைப் பார்க்கிறார், முடிந்தது. தானும் அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவர் என்பதால் அவருக்குத் தெரிகிறது. ஒரு நல்ல ஆண் பார்த்தால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்பே, மும்பை வீட்டில், நேற்று சரியாக எழுதிய சொல்லை இன்று ஏன் தப்பாக எழுதுகிறாய் என்று மாயா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தத் தவறுகளை முதலில் கவனித்தவள் அவள்தான். அவள் கவனித்ததைப் படம் அம்மாவின் பதற்றமாகக் காட்டுகிறது. ஆசிரியர் கவனித்தால் அது கண்டுபிடிப்பு ஆகிவிடுகிறது.

இத்தனைக்கும் கதை நடக்கும் மகாராஷ்டிராவில் கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் தேர்வுச் சலுகைகள் 1996லேயே வந்துவிட்டன. மும்பைப் பள்ளியின் தலைமையாசிரியை சிறப்புப் பள்ளி என்று இழுக்கிறாரே தவிர, சோதித்துப் பாருங்கள் என்று சொல்வதில்லை. அதை நான் படத்தின் குறையாகச் சொல்லவில்லை. அந்த இடம் மட்டும் அச்சு அசல் நம் பள்ளிகள்தான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்தது. அதைச் சீக்கிரம் கண்டறிவது கல்வி நிறுவனத்தின் கடமை என்றும் சொல்கிறது. 2018இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியதோ அப்போது, ஆசிரியர்கள் முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் இது பொருந்தும். பிறகு குழந்தை மருத்துவர், கண், காது, நுண்ணறிவுச் சோதனை, கடைசியில் வாசிப்பும் எழுத்தும். தாளில் எல்லாம் பள்ளியிலிருந்து தொடங்குகிறது.

எங்களுக்குத் தொடங்கியது ஒரு கேள்வியிலிருந்து. “வேலைக்குப் போறீங்களா மேடம்?” போகிறேன் என்றேன். வகுப்பாசிரியை தலையை ஆட்டினார். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. கொஞ்சம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். மூன்றாவது முறை போனபோது, நீங்களே வெளியில் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாங்க என்றார்கள். அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நாற்பது பிள்ளைகள், சிறப்பாசிரியர் கிடையாது, வீட்டுக்குப் போனால் அவருக்கும் இரண்டாவது ஷிஃப்ட். வேலைக்குப் போகும் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் ஏன் வேலைக்குப் போகிறாய் என்று கேட்க வேண்டிய இடத்தில் பள்ளிக்கூடம் எங்கள் இருவரையும் உட்காரவைத்திருந்தது.

என் மகள் யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டாள். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். எழுதியதைப் படிக்கத் தெரியாது. பக்கத்துப் பிள்ளை படிப்பதைக் காதில் வாங்கி, மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லிவிடுவாள். ‘அமைதியான பொண்ணு’ என்று மூன்று வருடமும் முன்னேற்ற அட்டையில் எழுதியிருந்தார்கள்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலி ஷேவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பள்ளிகள் தாமாகக் கண்டறிந்த வாசிப்புக் குறைபாட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால், சிறுமிகளைவிடச் சிறுவர்களிடம் அது இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். ஆனால் ஆய்வாளர்கள் எல்லாப் பிள்ளைகளையும் நேரடியாகச் சோதித்தபோது, இரு பாலுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆசிரியரின் பொறுமையைச் சோதிக்கும் பிள்ளைதான் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது. அடக்கத்தைப் பாடமாகக் கற்ற பிள்ளை கடைசி பெஞ்சில் அப்படியே இருந்துவிடுகிறது.

இஷானை ஒரு சிறுமியாக நினைத்துப் பாருங்கள். பள்ளியிலிருந்து நழுவி மும்பைத் தெருக்களில் தனியாகச் சுற்றும் அந்த அழகான பகுதி என்ன ஆகும்? எட்டு வயதுச் சிறுமி தனியாக நடந்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும், படமே வேறாகிவிடும். தெருச்சண்டை, வகுப்பில் எதிர்த்துப் பேசுவது, வெளியே போ என்றால் சந்தோஷமாகப் போவது என்று அவனைக் கவனிக்கவைத்த ஒவ்வொன்றும் அவனுக்கு ஆண்பிள்ளை என்பதால் கிடைத்தது. ஐன்ஸ்டீன், டா வின்சி, எடிசன் என்று நிகும்ப் அடுக்கும் மேதைகளிலும் பெரும்பாலோர் ஆண்கள்தான். படம் ஓவியப் போட்டி வெற்றியோடு முடிகிறது. திறமை எதுவும் வெளியே தெரியாத, சும்மா சாதாரணமான ஒரு சிறுமிக்கு அங்கே என்ன இடம்?

படத்துக்கு உரிய நன்றியையும் சொல்ல வேண்டும். ‘அந்த ஹிந்திப் படப் பையன் மாதிரியா?’ என்று என் மாமியார் கேட்டபோது பாதி விளக்கம் மிச்சமானது. டிஸ்லெக்ஸியா என்ற சொல்லைப் பல வீடுகளுக்குள் கொண்டுவந்தது அந்தப் படம்தான். ஆனால் அந்தச் சொல்லோடு, யாரோ ஒரு நிகும்ப் வருவார் என்ற காத்திருப்பும் வந்தது. நிஜத்தில் வருவது டோக்கன், காத்திருப்பு நாற்காலி, சம்பளமில்லா விடுப்பு. அதில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அம்மாக்கள். அந்த நீண்ட பெஞ்சில் யார் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ன சொன்னது என்று நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு எந்த அலுவலகமும் எனக்கு விவரம் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம் கேட்கலாம், சொல்வதை எழுதுபவர் கேட்கலாம் என்பதும் அங்கே தெரிந்துகொண்டதுதான்.

அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில், மதிப்பெண்களுக்கு மேலே ஒரு வரி. தகவல் அளித்தவர்: தாய். தகவல் நம்பகமானது, போதுமானது. இப்படி எழுதுவது வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அன்று அதை இரண்டு முறை படித்தேன்.

மறுநாள் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். தலைமையாசிரியை ஃபைலை வாங்கி மேசையில் வைத்தார். திறக்கவில்லை.

“அப்பா வரலையா?” என்று கேட்டார்.