புறவழி யாருக்கு?

தடை விதித்த அரசின் அமைச்சர் ஒருவரே அத்தடையைப் பயனற்றதெனப் பகிரங்கமாகக் கூறிய விந்தை 2022 ஏப்ரல் 3ஆந் திகதி இலங்கையில் நிகழ்ந்தது. மக்கள் எழுச்சி கண்டு அஞ்சிய அரசு, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கட்டளையையும் கொண்டு பேஸ்புக், வட்ஸ்அப், யூரியூப் முதலியவற்றை இணையச் சேவைக் கம்பனிகளால் நள்ளிரவில் அடைப்பித்தது. அப்போது விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ச, தாம் வி.பி.என். வழியாக எழுதுவதாகவும், அவ்வசதி இருக்கையில் இத்தகைய தடைகளாற் பயனில்லையென்றும் ருவிற்றரில் அறிவித்தார். பலர் சிரித்தனர். ஆயின் சிரித்துவிட்டு மறக்கத்தக்க கூற்றன்று இது. யாருக்குப் பயனற்றது அத்தடை?

அடைப்பு நிகழும் முறை மந்திரமன்று. நாம் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்ததும், அதற்குரிய இலக்க முகவரியைக் கம்பனியின் டி.என்.எஸ். கணினியிடம் நமது தொலைபேசி கேட்கிறது. கட்டளை பெற்ற கம்பனி அப்படியொரு தளமே இல்லையெனப் பொய்யுரைக்கிறது. இதனை வெல்வது எளிது. 2018இல் வந்த அண்ட்ரொயிட் 9 முதலாக, தொலைபேசியின் அமைப்புகளிலேயே வேறொரு டி.என்.எஸ். சேவையை மறைகுறியாக்கத்துடன் தெரிவுசெய்யலாம். ஆனால் தொடர்பு தொடங்கும் கணத்திலேயே, நாம் செல்லுமிடத்தின் பெயரைப் பார்த்துக் கம்பனி இணைப்பை அறுக்குமாயின் அம்மாற்றம் உதவாது. கடிதத்தைப் பிரிக்காமலே, உறையிலுள்ள முகவரியைக் கண்டு குப்பையில் எறியும் தபாற்காரனின் செயல் அது. அவ்வேளையிலேதான் வி.பி.என். தேவைப்படுகிறது. கடிதத்தை வேற்று முகவரியிட்ட பெரிய உறையொன்றினுள் இட்டு, அயல்நாட்டுக் கணினியொன்றின் மூலம் உரிய இடத்திற் சேர்ப்பிப்பது அதன் தொழில்.

இனி வினாவுக்கு வருவோம். மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் நாட்கூலியில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இணையம் என்பது சில்லறைக் கடையில் ரீலோட் செய்து பெறும் சமூக ஊடகப் பக்கேஜ்தான். வளைகுடா நாட்டில் வேலைசெய்யும் தாயோ மகனோ பேசுவது அதன் வழியே. அந்தப் பக்கேஜ் எவ்வாறு இயங்குகிறது? நாம் எங்கே செல்கிறோம் என்பதைக் கம்பனி நோக்கிக் கணக்கெழுதுவதால் இயங்குகிறது. வி.பி.என். அந்த முகவரியை மறைத்துவிடுவதால், பாவனை பக்கேஜிற் சேராது பொதுக் கணக்கிலே கழிகிறது. பொதுக் கணக்கில் ஒன்றுமில்லாதவனுக்குப் புறவழியும் இல்லை. அமைச்சருக்குப் பயனற்ற தடை, கூலிக்காரனைச் சரியாகவே தாக்குகிறது!

இலவச வி.பி.என். இருக்கிறதே எனலாம். கம்பனி பார்த்ததை இப்போது அதனை நடத்துபவன் பார்க்கிறான். 2013இல் பேஸ்புக் வாங்கிய ஒனாவோ என்னும் வி.பி.என்., பாவனையாளரின் பழக்கங்களைத் தன் எசமானருக்கே அறிவித்துவந்தது. 2018இல் அப்பிள் கடையிலிருந்து அகற்றப்பட்டது. அரசின் கட்டளை இன்றியும் கைவைப்போர் உண்டு. இந்தியாவில் 2015இல் ஏர்ரெல் கம்பனி, வாடிக்கையாளர் பார்க்கும் பக்கங்களினுள் அவர்கள் அறியாமலே நிரற்துண்டுகளைச் செருகியமை வெளியாயிற்று. மறைகுறியாக்கப்படாத பக்கங்களிலேயே அது இயலும். முகவரி ‘எச்.ரி.ரி.பி.எஸ்.’ எனத் தொடங்குகிறதா எனப் பார்க்கும் பழக்கம் காசு கேளாத காப்பு.

நமது நாட்டிலே இது புதிதன்று. 2007 ஜூனில் தமிழ்நெற் அடைக்கப்பட்டது. பின்னர் கொழும்பு ரெலிகிராப். 2015 ஜனவரி ஆட்சிமாற்றத்தின் பின்னரே அவை திறந்தன. 2018 மார்ச்சில், திகன வன்செயலின்போது சமூக ஊடகங்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. முஸ்லிம் மக்களுக்கெதிரான நஞ்சு அவற்றிலே பரவியது பொய்யன்று. பேஸ்புக் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கோரிற்று. ஆயினும் நஞ்சைத் தடுக்கவென இழுத்த அதே நெம்புகோலைத்தான் 2022இல், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்களின் வாயை அடைக்கவும் இழுத்தனர்.

அந்தத் தடை பதினாறு மணிநேரங்கூட நிலைக்கவில்லை. அதை நீக்கியது வி.பி.என். அன்று, எந்த அதிகாரத்தின் கீழ் தடுத்தீர்கள் என்று எழுந்த கேள்வியும், ஊரடங்கையும் மீறித் தெருவில் நின்ற மக்களுமே. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்துள்ள நிலையில், அதே கேள்வியை முன்கூட்டியே கேட்டல் வேண்டும். அடைக்குமாறு கம்பனிக்குச் செல்லும் ஒவ்வொரு கட்டளையும், யார் இட்டது, எந்தத் தளம், எத்தனை நாள் என்னும் விபரங்களோடு, மூன்று மொழிகளிலும் அன்றே வெளியிடப்படல் வேண்டும்.