ஒடிந்த கைக்குள் ஒரு கம்பி

1982-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் கொண்டுவந்த ஜி.ஐ. ஜோ போர்வீரன் பொம்மை மூன்றேமுக்கால் அங்குல உயரம். பழையது ஒன்று கிடைத்து, இடுப்பு தொளதொளவென்று ஆடினால் கவலைப்படாதீர்கள். முதுகிலுள்ள ஒற்றைத் திருகைக் கழற்றினால் உடம்பு இரண்டாகப் பிரியும். உள்ளே ஒரு ரப்பர் வளையம். கால்களை இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். வருடக் கணக்கில் இழுபட்டு ரப்பர் இற்றுப்போகும். புது வளையத்தைக் கொக்கியில் மாட்டி மூடியதும் வீரன் விறைப்பாக நிமிர்வான். எனக்கு மிகப் பிடித்த நொடி அது.

ஒடிந்த கைதான் பொறுமையைக் கேட்கும். வெறும் பசை அடுத்த திருப்பலில் விட்டுவிடும். முறிந்த இரு முகங்களிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வேண்டும். கை டிரில்லை விரல்களுக்கிடையே உருட்டி உருட்டித்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் மெல்லிய சுருளாக வெளியே வரும். பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, சூப்பர் குளூவை ஊசி முனையால் தொட்டு வைக்க வேண்டும். வழிந்தால் மூட்டே அசையாது.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் கரைப்பான் பட்டதும் இரு முகமும் இளகி ஒன்றாகச் சேரும். பாலிஎத்திலீனில் பசை லேசில் பிடிக்காது; கம்பிதான் கதி.

துப்பாக்கியைத் திணித்துத் திணித்தே பல பொம்மைகளுக்குக் கட்டைவிரல் போயிருக்கும். அங்கே கம்பிக்கும் இடமில்லை. சமையல் சோடாவைத் தூவி சூப்பர் குளூ விட்டால் சட்டென்று கல்லாக இறுகும். அதை அரத்தால் ராவி விரலாக்கலாம். அப்படி வளர்த்த விரலுள்ள கையில் துப்பாக்கியை மாட்ட எனக்கு மனசு வராது. பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவேன்.